கூரைக்காரன் ஓடிய வேகம்

என் தங்கை அறிவுமதி கலங்கி நான் அதிகம் பார்த்ததில்லை. அப்பா இறந்த அன்றுகூட வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தவள் அவள். போன தை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவள் மாடி அறையிலிருந்து இறங்கி வந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். "அண்ணே, நம்ம ஆடுனது அந்த கேமே இல்லையாம்ண்ணே" என்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

என் பெயர் நாகராசு. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அலுமினியக் கதவு, ஜன்னல், கண்ணாடித் தடுப்பு செய்து மாட்டுவது என் தொழில். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு ஜன்னலுக்கு இரண்டு முறை அளவெடுத்த பிறகு, மூன்றாவது முறையும் டேப்பைப் பிடிப்பேன். என்னிடம் வேலை செய்பவர்கள் இதற்காகக் கேலி செய்வார்கள். செய்யட்டும். இதுவரை நான் மாட்டிய கதவு ஒன்றும் தரையில் உரசியதில்லை.

மதி என்னைவிட எட்டு வயது இளையவள். அவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது, லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா ஒரு தீபாவளிக்குத் திருச்சியிலிருந்து டிவி கேம் பெட்டி ஒன்று வாங்கி வந்தார். மஞ்சள் நிறத்தில் ஒரே ஒரு கேசட். அதன் மேல் இருந்தது சீன எழுத்தா, ஜப்பான் எழுத்தா என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. போட்டால், முகத்தை மூடிய ஒருவன் கையில் வாளோடு வீட்டுக் கூரைகள் மேல் ஓடுவான், தாவுவான், எதிரே வருபவர்களை வெட்டுவான். கூரைக்காரன் என்று பெயர் வைத்தோம். அதன் உண்மையான பெயரை நான் இங்கே எழுதக் கூடாது. கம்பெனியோடு ஒப்பந்தம் அப்படி என்று மதி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

பெட்டியை அப்பா எனக்காகத்தான் வாங்கினார். நான் அடுத்த வருடமே வேலைக்குப் போய்விட்டேன். கூரைக்காரன் மதிக்குச் சொந்தமானான். எதிர்வீட்டு பெலிக்ஸ், என் வயதுக்காரன், தினமும் வந்து அவளிடம் தோற்றுவிட்டுப் போவான். "இந்தப் பொடிசுக்கு கையில ஏதோ மிஷின் இருக்குடா" என்பான். அவள் அந்த ஆட்டத்தின் ஆறு கட்டங்களையும் முடிப்பாள். டிவி பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து, சத்தத்தை மட்டும் கேட்டு முதல் கட்டத்தைத் தாண்டிக் காட்டுவாள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பிறகு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். சென்னையில் கேம் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். கொரோனாவில் வீட்டுக்கு வந்தவளைக் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. மாடி அறை அவள் ஆபீசாயிற்று. "மாடியில பொம்ம வெளையாடுறதுக்குச் சம்பளமாம்" என்று எங்கள் அம்மா அழகி பக்கத்து வீடுகளில் சொல்வாள். குறையாகத் தொடங்குவாள், பெருமையாக முடிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் மாடியிலிருந்து ஒரு கத்தல். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன். மதி நாற்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே! கூரைக்காரன்! நம்ம கூரைக்காரன்! அவனத்தான் புதுசா செய்யப் போறோம்!"

ஜப்பானில் அந்த ஆட்டத்தைச் செய்த கம்பெனி, கையில் பிடித்து ஆடும் புதுக் கருவி ஒன்றுக்காக அதைப் புதிதாகச் செய்து வெளியிடப்போகிறதாம். வேலையை மதியின் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள். படம் வரைவது ஒருவர், இசை ஒருவர் என்று பிரித்தபோது, கூரைக்காரனின் உடம்பு மதியிடம் வந்தது. அவன் ஓடுவது, தாவுவது, விழுவது, வாள் வீசுவது எல்லாம் அவள் பொறுப்பு. எங்கள் வீட்டு டிவியில் ஓடியவன், உலகம் பூராவும் போகிற ஒரு கருவியில் என் தங்கை கையால் ஓடப்போகிறான்.

பழைய ஆட்டத்தை எப்படி எழுதினார்கள் என்பதற்கான மூலம் ஜப்பான் கம்பெனியிலேயே தொலைந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரில் ஓடும்படி ஒரு பிரதியை மட்டும் அனுப்பினார்கள். மதி அதை ஓட்டிப் பார்த்ததும் சிரித்தாள்.

"பாருண்ணே, தறிகெட்டு ஓடுறான். அந்தக் காலத்து கேமு, இந்தக் காலத்து கம்ப்யூட்டரு. வேகம் பிடிபடல."

நானும் பார்த்தேன். உண்மைதான், கூரைக்காரன் வெறிநாய் துரத்தியவன்போல ஓடினான். மதியின் மேலதிகாரி கோபிநாத், அறந்தாங்கிக்காரர், சென்னையில் இருக்கிறார். அவரும் சின்ன வயதில் இதே மஞ்சள் கேசட்டில் ஆடியவர். "ஆமா மதி, இது ரொம்ப ஸ்பீடு. நம்ம கைக்குத் தெரியாததா? நீ சரியா செட் பண்ணு" என்றார். இவள் தன் கைக்குத் தெரிந்த வேகத்துக்கு அவனைக் கொண்டுவந்தாள். அந்த வேகத்துக்கு ஏற்றபடி எதிரிகள், அந்த எதிரிகளுக்கு ஏற்றபடி வாள்வீச்சு என்று ஒன்றன்மேல் ஒன்றாக மாதக்கணக்கில் கட்டினாள். ஆபீசில் ஆடிப் பார்த்தவர்கள் எல்லாரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். அச்சு அசல் அப்படியே இருக்கிறது என்றார்கள்.

அந்தப் புதன்கிழமை நான் மாடியில்தான் இருந்தேன். கீழே அம்மா மிக்சி போட்டால் மீட்டிங்கில் கேட்கிறது என்று ஒரு கண்ணாடித் தடுப்பு கேட்டிருந்தாள். அதை மாட்டிக்கொண்டிருந்தேன். மடிக்கணினித் திரையில் ஒரு பெரியவர். மெலிந்த உடம்பு, புருவம்கூட நரைத்துவிட்டது. கூரைக்காரனை உண்டாக்கியவரே அவர்தானாம். பக்கத்தில், அவர் பேசுவதை இங்கிலீஷில் சொல்ல ஒரு பெண். ஓரக் கட்டத்தில் கோபிநாத். எனக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். அதனால் நான் பேச்சை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன்.

பெரியவர் கருவியைக் கையில் எடுத்து ஆடினார். தேநீர் ஆறும் நேரம்கூட ஆடியிருக்க மாட்டார். கருவியை மேசை மேல் மெதுவாக வைத்துவிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள். மதியின் தோள் இரண்டும் இறங்கியதை நான் பின்னால் இருந்து பார்த்தேன்.

"என் ஆளைத் தண்ணிக்குள்ள நடக்க விட்டது யாரு?" அதுதான் அவர் கேட்டது. கோபிநாத் பெயர் எதுவும் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார்.

அவர்கள் பக்கத்து என்ஜினியர் அளந்து வைத்திருந்தார். எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாக இருந்தது. ஓட்டம், தாவல், விழுதல், இசை, ஒன்று விடாமல் எல்லாம். அடுத்த புதன்கிழமை வரை நேரம் தருகிறோம், முதல் கட்டத்தையாவது சரியான வேகத்தில் காட்டுங்கள், இல்லையென்றால் வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். மீட்டிங் முடிந்ததும் மதி ஏதேதோ தேடிப் படித்தாள்; நான் தடுப்பின் கதவுச் சட்டத்தில் திருகு போடக் கீழே வந்துவிட்டேன். அதன் பிறகுதான் படியில் இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

"நம்ம ஊரு டிவி வினாடிக்கு அம்பது படம் காட்டும்ண்ணே. ஜப்பான் டிவி அறுபது. கேம அறுபதுக்குச் செஞ்சிருக்காங்க. இங்கிட்டு வித்த பெட்டி எல்லாம் அம்பதுல ஓடிருக்கு. அவங்க பத்து நிமிசத்துல ஓடுனத நம்ம பன்னெண்டு நிமிசம் ஓடிருக்கோம்."

"அப்ப அவங்க அனுப்புன காப்பி?"

"அதுதான் சரியான வேகம். தறிகெட்டு ஓடுறான்னு சொன்னேன்ல, அதுதான் நெசக் கூரைக்காரன். நம்ம வீட்ல இருந்தவன் சோம்பேறி."

நான் நம்பவில்லை. மாடிக்குப் போய் அந்தப் பிரதியைப் போடச் சொன்னேன். முதல் கட்டத்தில் இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு மரப்பலகை வரும். கால் வைத்ததும் சரியும். அது சரிவதற்குள் தாவிவிட வேண்டும். எங்கள் தெருவில் அதில் விழுந்தவர் யாரும் கிடையாது. நான் ஆடினேன், விழுந்தேன். மறுபடி ஆடினேன், மறுபடி விழுந்தேன். மதி வாங்கினாள். அவளும் விழுந்தாள். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தாண்டியவள் திரையைப் பார்த்துக்கொண்டே விழுந்தாள். இருபத்தைந்து வருடமாக ஊருக்குள் நாங்கள் விட்ட பீற்றல் எல்லாம் ஒரு பலகையோடு சரிந்துவிட்டது.

அம்மா காபியோடு வந்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"இம்புட்டுத்தானா? பொம்மய கொஞ்சம் வெரசா ஓட விடுங்க. இதுக்கா பச்சத்தண்ணி பல்லுல படாம உக்காந்திருக்கீக?"

"அது அப்படி இல்லம்மா" என்றாள் மதி. எப்படி இல்லை என்பதை என் தொழிலை வைத்து நானே அம்மாவுக்குச் சொன்னேன். கதவு மட்டும் அளவு தப்பினால் கதவை மாற்றலாம். தப்பான கதவுக்கு ஏற்றபடி நிலையையும் சுவரையும் கட்டிவிட்டால், சுவரைத்தான் இடிக்க வேண்டும்.

மதி சுவரை இடித்தாள். அவளுக்கு இருந்த பெரிய கஷ்டம் வேறு. சரியான வேகத்தில் எது செய்தாலும் அவள் கைக்கு அது தப்பாகவே பட்டது. தப்பாகப் படுகிறதே என்று கொஞ்சம் தளர்த்தினால் மறுபடி பழைய சோம்பேறி வந்து நின்றான்.

"என் கை பொய் சொல்லுதுண்ணே. இத நம்பி இனிமே ஒண்ணும் செய்ய முடியாது. அளந்துதான் செய்யணும்."

அளக்கிற வேலை என்றால் நான் இருக்கிறேன். கடை வேலையை ஆட்களிடம் விட்டுவிட்டுப் பகல் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அசல் ஆட்டத்தைப் படம் படமாக நிறுத்தி ஓட்டுவாள். கூரைக்காரனின் பாதம் தரையை விட்டது எந்தப் படத்தில், மறுபடி தரையைத் தொட்டது எந்தப் படத்தில் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னதையே மறுபடி ஓட்டச் சொல்லிச் சரிபார்ப்பேன். மூன்றாவது தடவையும் கேட்டபோது, "ஏண்ணே, ஒன்கிட்ட ஜன்னல் போடுறவங்க எப்படித்தான் பொறுமையா இருக்காங்க?" என்றாள். அந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் கோபிநாத் போன் செய்தார். மதி சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதி, ஒண்ணும் பயப்படாத. நான் பேசிட்டேன். மொதல்ல அனுப்புனது ட்ரெய்னிங்குக்கு வந்த ஒரு பையன் செஞ்சது, அவன வேலைய விட்டு எடுத்துட்டோம், இப்ப எங்க சீனியர் கையில எடுத்துருக்காங்கன்னு சொல்லிருக்கேன்."

"எந்தப் பையன்?"

"பையன்லாம் கெடையாது. சீனியர் நீதான். நாளைக்கு அவர் ஏதாவது கேட்டா நீ தலைய மட்டும் ஆட்டு."

மதி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். போனை வைத்ததும் நான்தான் பேசினேன். "ஒன்னக் காப்பாத்தத்தானத்தா சொல்றாரு. இல்லாத ஆளு மேல போட்டா யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" அவள் தட்டைப் பார்த்தபடி, "தலைய ஆட்டுறேன், விடு" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வேலை கைவிட்டுப் போனால் வேறு வேலை கிடைக்கும். ஆனால் கூரைக்காரனைச் செய்கிற வாய்ப்பு அவளுக்கு இன்னொரு தடவை வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

புதன்கிழமை காலை. "நீ இங்கிட்டே இருண்ணே" என்றாள். கேமராவில் படாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். இனி எழுதும் பேச்சு, பிறகு மதி எனக்குத் தமிழில் சொன்னது.

பெரியவர் கருவியை எடுத்தார். ஓடினார். பலகையில் விழுந்தார். மறுபடி ஓடினார், மறுபடி விழுந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, விரல்கள் மெதுவாகத்தான் நகர்ந்தன. கோபிநாத்தின் முகம் சுண்டிவிட்டது. மூன்றாவது தடவை பெரியவர் தாண்டினார். கருவியைக் கீழே வைக்காமல், அடுத்த கூரை, அதற்கடுத்த கூரை என்று ஆடிக்கொண்டே இருந்தார். கடைசியில் நிமிர்ந்து ஒரே ஒரு சொல் சொன்னார். "இவன்தான்" என்றாள் அந்தப் பெண்.

கோபிநாத் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேவிட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பெரியவர் மறுபடி பேசினார்.

"முதலில் அனுப்பியதைச் செய்த பையன் எங்கே? அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்."

வேலையை விட்டு அனுப்பிவிட்டோம் என்றார் கோபிநாத்.

"ஏன் அனுப்பினீர்கள்? கவனம் இல்லாதவன் செய்தால் ஓரிடத்தில் வேகமாக இருக்கும், ஓரிடத்தில் மெதுவாக இருக்கும். அவன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மெதுவாக்கியிருக்கிறான். எதற்காக அப்படிச் செய்தான் என்று தெரியாமல் எனக்கு ஒரு வாரமாக வேறு நினைப்பே இல்லை. அவனைக் கூப்பிடுங்கள்."

கோபிநாத் திக்கினார். போன் நம்பர் இல்லை என்றார், பார்த்துச் சொல்கிறோம் என்றார். மதி தலையை ஆட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மைக்கை ஆன் செய்தாள்.

"அந்தப் பையன் நான்தான். ரெண்டையும் செஞ்சது நான்தான்."

அந்த இரண்டு வரி இங்கிலீஷ் எனக்கு முழுதாகப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். ஓரக் கட்டத்தில் கோபிநாத் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். ஜப்பானில் அந்தப் பெண் தன் வேலையை மறந்து மதியையே பார்த்தாள். பெரியவர் கேட்டபிறகுதான் அதை அவருக்குச் சொன்னாள்.

மதி நிறுத்தவில்லை. டிவி கேம் பெட்டி, மஞ்சள் கேசட், அம்பது படம், அறுபது படம் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் ஊரில் கூரைக்காரன் இந்த வேகத்தில்தான் ஓடினான், எங்களுக்கு வேறு வேகம் தெரியாது என்றாள். பெரியவரின் வாய் லேசாகத் திறந்தது. அப்படியே இருந்தது.

"என் ஆட்டம் இந்தியாவுக்குப் போனதே இல்லையே" என்றார்.

"வந்துச்சு. உங்க கம்பெனி கேசட் இல்ல. யாரோ காப்பி எடுத்து வித்தது."

இதைச் சொன்னதும் கோபிநாத் தன் கேமராவையே அணைத்துவிட்டார்.

"எத்தனை பேர் ஆடினீர்கள்?"

மதி என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நம்ம ஊர்ல கூரைக்காரன எத்தன பேரு ஆடிருப்பாங்க?"

"டிவி இருந்த வீடு பூரா" என்றேன். அவள் அதை அப்படியே சொன்னாள்.

பெரியவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபமா, சந்தோஷமா, அந்த முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. தான் பெற்ற பிள்ளை தனக்குத் தெரியாமல் வேறொரு ஊரில் ஊர் முழுக்கப் பழகிவிட்டுப் போயிருக்கிறான் என்று கேள்விப்பட்டவர் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பலகையில் உங்கள் ஊரில் எத்தனை பேர் விழுந்தார்கள்?"

"யாரும் விழல. அந்த வேகத்துல யாரும் விழ மாட்டாங்க."

"எல்லாரும் விழ வேண்டும் என்றுதான் அதை வைத்தேன்" என்றார். குரல் ஏறிவிட்டது. மேசையில் கையால் ஒரு தட்டுத் தட்டினார். "மீதிக் கட்டங்களையும் இந்தப் பெண்ணே செய்யட்டும். எங்கெல்லாம் தப்பு ஒளிந்திருக்கும் என்று இவளுக்குத்தான் தெரியும். ஆனால் உங்கள் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை அவர்கள் விழ வேண்டும்."

திரை அணைந்தது. ஏற்றுக்கொண்டார்களா, திட்டினார்களா என்று நான் கேட்டேன். "ரெண்டும்தான்" என்றாள்.

உடனே போன் அடித்தது, மதி ஸ்பீக்கரில் போட்டாள். கோபிநாத்.

"ஏம்மா, தலைய ஆட்டுன்னு சொன்னேனா இல்லையா? எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. அண்ணே, பக்கத்துல இருக்கீங்களா? இனி மீட்டிங்னா ஒங்க தங்கச்சி மைக்க நீங்க கையில வச்சுக்கங்க!"

"கோபி, என்ன வேலைய விட்டு எடுத்தாச்சுன்னுல்ல சொன்னீங்க? மறுபடி சேத்துக்கிட்டதா ஒரு மெயில் போட்டுடுங்க" என்றாள் மதி. அந்தப் பக்கம் கோபிநாத் சிரிக்கிற சத்தம் கேட்டது. அது சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சரியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் அதற்குள் இரண்டாம் கட்டத்து வீடியோவைத் திறந்து, முதல் படத்தில் நிறுத்தியிருந்தாள்.

"வாண்ணே, பாதம் எப்ப தூக்குறான்னு பாரு."

எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மூணு தடவ ஓட்டணும், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.